ஒரு கைபேசியில் இரண்டு லைன் வைத்த பாவம்

டோங்காவில் ஃபெத்தூ தொலைபேசிக் கழகத்திடம் லைன் வாங்குவதும் ஞானஸ்நானம் வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ஜெபம், அப்புறம் பாட்டு, அப்புறம் நீளமாக ஒரு புத்திமதி. கடைசியில் தலையில் தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிலாகக் கையில் ஒரு சிம்மைத் தருவார்கள். ஞானஸ்நானத்துக்கு மாதா மாதம் கட்டணம் கட்ட வேண்டாம், அது ஒன்றுதான் வித்தியாசம்.

ஃபூசி திராட்சை பறிக்க ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புமுன் தலைநகர் நுகுஅலோஃபாவில் இருக்கும் அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்குப் போய் இந்தத் தடவைதான் முதன்முதலாக ரோமிங் போட்டுக்கொண்டாள். கவுண்டரில் இருந்த அம்மாள் காரியத்தை முடித்துவிட்டு ஃபூசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நம்ம லைன் உன்னக் கைவிடாதும்மா. நீயும் அதக் கைவிட்றாத" என்றாள். கண்ணெல்லாம் தளும்பி நின்றது. ஏதோ மரியாதைக்குச் சொல்கிறாள் என்று ஃபூசி தலையாட்டிவிட்டு வந்தாள். அது மரியாதை இல்லை, நிபந்தனை என்று அப்போது அவளுக்கு எங்கே தெரியும்?

திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் ரொபின்வேலுக்கு வந்து சேர்ந்ததும் ஒப்பந்தக்காரன் முதலில் கேட்டது உள்ளூர் நம்பர். காலையில் எந்தத் தோட்டம், வேன் எங்கே நிற்கும் என்பதையெல்லாம் அவன் அதில்தான் சொல்வான். ஊர் லைனில் பேசினாலோ ஒரு நாள் கூலி ஒரு 'ஹலோ'வுக்கே போய்விடும். ஆகவே எல்லாரும் செய்வதைத்தான் ஃபூசியும் செய்தாள். கடைத்தெருவில் உள்ளூர் சிம் ஒன்று வாங்கினாள். அவளுடைய போனில் இரண்டு லைனுக்கு இடம் இருந்தது. ஊர் லைன் ஒரு பக்கம், உள்ளூர் லைன் ஒரு பக்கம். கடைக்காரி அரை நிமிஷத்தில் போட்டுக் கொடுத்தாள்.

கடையை விட்டு வெளியே காலை வைக்கவில்லை, ஊர் லைனில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

'அன்புச் சகோதரி, தங்கள் கைபேசிக்குள் அந்நியர் ஒருவர் குடியிருப்பதாக அறிந்து மனம் வருந்துகிறோம். தாங்கள் மனந்திரும்பும் வரை தங்கள் லைன் நிறுத்தி வைக்கப்படுகிறது. தங்களுக்காக ஜெபிக்கிறோம். கட்டணம் வழக்கம்போல் வசூலிக்கப்படும்.'

தங்குமிடத்தில் அதை அறைத்தோழி லூபேயிடம் காட்டினாள். லூபே படித்துவிட்டுத் தன் போனை எடுத்து நீட்டினாள். அதே செய்தி, போன வருஷத் தேதி.

"இங்க இருக்கற அம்புட்டுப் பேருக்கும் இதுதான் வந்துச்சு. கள்ளப் புருஷன் வெச்சிருந்தவளக்கூட எங்க ஊருல ரெண்டாவது மாசமே மன்னிச்சுச் சேத்துக்கிட்டாங்கடி. இவனுங்க விடமாட்டானுங்க."

"அப்ப நீ என்னதான் பண்ணின?"

"என்னத்தப் பண்ண? வாழாவெட்டியா இருக்கேன்."

ஃபூசியும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். தலைநகரில் இருப்பவர்களோடு இணையத்தில் பேசிக்கொள்ளலாம், ஊர் லைன் கிடந்தால் கிடக்கட்டும் என்று இருந்துவிட்டாள். தூரத்துத் தீவு ஒன்றில் இருக்கும் தம்பி இசிகேலிக்குக் குழந்தை பிறக்கும்வரைக்கும் அப்படி இருந்தாள்.

குழந்தை பெண். தலைநகரிலிருந்து மச்சாள் முறைக்காரி எசேதாதான் இணையத்தில் செய்தி அனுப்பினாள். தாயும் பிள்ளையும் சுகம், சபைத் தலைவர் வருஷத்துக்கு ஒரு தடவை படகேறித் தீவுக்கு வருகிறவர் இந்த வாரம் வருகிறார், ஆகவே ஞாயிறு மாலை ஆராதனையிலேயே ஞானஸ்நானம் என்று எழுதியிருந்தாள். அடியில், 'பேரை என்கிட்டச் சொல்லு, நான் போன் போட்டுச் சொல்லிடறேன்' என்றும் எழுதியிருந்தாள். அதைப் படித்ததும் ஃபூசிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

பிறந்த பிள்ளைக்குப் பேர் வைப்பது அத்தையின் உரிமை. பெற்றவள் வைக்க முடியாது, பெற்றவனும் வைக்க முடியாது. மூத்த அத்தை வாயைத் திறந்து ஒரு பேரைச் சொன்னால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. அவள் சொல்லாமல் விட்டால் பெண் வீட்டார் வைத்துக்கொள்ளலாம். இசிகேலியின் மாமியார் வீட்டார் அதற்காகவே ஒரு பேரை வாயில் போட்டு மென்றுகொண்டு காத்திருந்தார்கள். முதல் பிள்ளை பிறந்தபோதும் ஃபூசி இதே மாதிரி வெளிநாட்டில்தான் இருந்தாள். அப்போது பேரை இந்த எசேதாவிடம்தான் சொல்லியனுப்பினாள். கடைசியில் அந்தப் பிள்ளைக்கு விழுந்த பேர் எசேதா. கேட்டால், "வழியில மறந்துபோச்சு, நல்ல பேரா ஒண்ணு வெச்சேன்" என்றாள் அந்தப் புண்ணியவதி.

அதனால்தான் இந்தத் தடவை கிளம்புமுன்பே ஃபூசி தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டு வந்தாள். "என் நம்பர்லேர்ந்து வந்தாத்தான் அது நான் வெச்ச பேரு. வேற எவ வந்து சொன்னாலும் காதுல வாங்காத." இசிகேலி, சரிக்கா என்றான். அக்கா சொன்னால் அவனுக்கு அது வேதம்.

பேரும் அவளிடம் ரெடியாக இருந்தது. மாதலேனா. அவர்களுடைய அம்மாவின் பேர். அம்மா போனபோது ஃபூசி இதே ரொபின்வேலில் கொடிக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தாள். பயணம் கிடைத்து ஊருக்குப் போவதற்குள் மண் காய்ந்துவிட்டது. முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை, பேரையாவது திரும்ப வீட்டுக்குள் கூப்பிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தினமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாள்.

இசிகேலியின் தீவில் இணையம் கிடையாது. ஒரே ஒரு கோபுரம், அதில் பேச மட்டும் முடியும், அதுவும் ஃபெத்தூவுடையது. உள்ளூர் லைனிலிருந்து கூப்பிட்டால் மணியே அடிக்காது. வெளிநாட்டு நம்பரில் மோசடிக்காரர்கள் கூப்பிட்டுப் பணம் பறிக்கிறார்கள் என்று சொல்லி, தீவுகளுக்கு வரும் வெளிநாட்டு நம்பர் அத்தனையையும் ஃபெத்தூ அடைத்துவிட்டது. எலி புகுகிறது என்று வீட்டுக்கு வாசலே இல்லாமல் கட்டிய கதைதான். ஆக, ஊர் லைனைத் திறந்தால்தான் பேர்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்து உள்ளூர் லைனிலிருந்து ஃபெத்தூவின் உதவி மையத்தைக் கூப்பிட்டாள். அது மட்டும் எங்கிருந்து கூப்பிட்டாலும் எடுக்கும். லூபே ஆட்டுக்கறி வறுத்துக்கொண்டிருந்தாள். குழுத்தலைவன் மொசேசே மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். எல்லாரும் கேட்கட்டும் என்று ஃபூசி சத்தத்தைத் திறந்துவிட்டாள்.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு ஓர் ஆசீர்வாதம். காத்திருக்கும் நேரத்தில் கர்த்தரைத் துதிப்போம்" என்றது போன். உடனே ஒரு கீர்த்தனை தொடங்கியது.

மற்ற தேசத்தில் காத்திருக்கும்போது ஏதோ ஒரு வாத்தியம் டொய்ங் டொய்ங் என்று வாசிக்கும், ஜனங்கள் மூக்கைச் சொறிந்துகொண்டு இருப்பார்கள். டோங்காக்காரர்களிடம் அது நடக்குமா? மொசேசே கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான். பாட்டு என்று காதில் விழுந்தால் அவனவன் பாகம் அவனவன் வாயில் தானாக வந்துவிடும். மொசேசே அடிக்குரலைப் பிடித்தான். லூபே அடுப்பை அணைத்துவிட்டு மேல்குரலை எடுத்தாள். குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து நடுக்குரல்களில் சேர்ந்தார்கள். ஃபூசியும் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எழுந்து பாடினாள். உட்கார்ந்திருக்க முடியுமா, கர்த்தருடைய பாட்டு அல்லவா?

இரண்டாம் சரணத்தில் உதவி மையத்துப் பெண் போனை எடுத்துவிட்டாள். ஆனால் அவளும் டோங்காக்காரிதானே! நடுவில் வெட்டிப் பேசினால் பாவம் என்று அவளும் சேர்ந்து பாடினாள். நல்ல குரல் என்று எல்லாரும் பிற்பாடு ஒத்துக்கொண்டார்கள். நான்காம் சரணம் முடிந்து, ஆமென் சொல்லி, ஆமெனையும் நன்றாக இழுத்து முடித்து, ஃபூசி, "சகோதரி, என் லைனு" என்று ஆரம்பித்தாள்.

"இந்த அழைப்புக்கான நேரம் முடிந்தது. உங்களுக்குச் சேவை செய்ததில் மகிழ்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போன் அறுந்தது.

"நல்லாப் பாடினோம்" என்றான் மொசேசே.

"நாசமாப் போச்சு, போ" என்றாள் ஃபூசி.

மறுநாள் அவள் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தாள். கீர்த்தனை தொடங்கியதும் போனைச் சோற்றுப் பானைக்குள் வைத்து மூடி, மேலே தலையணையை அமுக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். "பாட்டப் பானைக்குள்ள போட்டு மூடறவ மோட்சத்துக்குப் போகமாட்டா" என்று மொசேசே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அவனுக்கு உண்மையிலேயே வருத்தம். அவளுக்கும்தான். ஆனால் பாட்டு நின்றது தெரிந்து மூடியைத் திறந்தபோது ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க சகோதரி. மொதல்ல நீங்க நீங்கதானான்னு பாக்கணும். உங்க ஃபெத்தூ நம்பருக்கு ஒரு ரகசிய எண் அனுப்பிருக்கேன். அதச் சொல்லுங்க."

"என் ஃபெத்தூ லைன்தான் செத்துக் கெடக்குதே! அதத் தொறக்கத்தான கூப்பிடறேன்?"

"அதத் தொறக்கணும்னா அந்த எண் வேணுமே."

"அந்த எண் வரணும்னா அதத் தொறக்கணுமே, தாயி!"

"கரெக்ட்டுதான்" என்றாள் அந்தப் பெண் சந்தோஷமாக. "எல்லாரும் இந்த இடத்துலதான் வந்து நிக்கிறாங்க. பதறாதீங்க. எங்க இருந்து பேசறீங்க சகோதரி? இது எந்த லைனு?"

"உள்ளூர் லைனு."

பிறகு குரல் தாழ்ந்து வந்தது.

"அது எப்பத்திலேர்ந்து?"

"எது?"

"அந்த லைனோட உங்களுக்கு... எப்பத்திலேர்ந்து பழக்கம்?"

"வந்த மறுநாளே வாங்கிட்டேன்."

"மறுநாளேவா!" அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு வாரம்கூடப் பொறுக்க முடியலியா சகோதரி? நாங்க உங்களுக்கு என்ன கொறை வெச்சோம்?"

ஃபூசிக்கு ஏன் என்று தெரியாமலே வெட்கமாகிவிட்டது. தலையில் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒப்பந்தக்காரன், வேன், கூலி என்று ஏதேதோ சொன்னாள். எதற்காகச் சமாதானம் சொல்கிறோம் என்று பாதியில் உறைத்து அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"மனசு ஒடிஞ்சுறாதீங்க" என்றாள் அந்தப் பெண். "மீட்பு இருக்கு. அந்த லைன வெளிய எடுத்துருங்க. எங்க லைன் மட்டும் போனுக்குள்ள இருக்கட்டும். அதுல சேவை இருக்காது. இல்லாட்டியும் அதோட மட்டுமே இருங்க. ஒரு முழு நாள் அப்படி இருந்து காட்டினா மேலிடம் எரங்கும்."

ஃபூசி இருந்து காட்டினாள். உள்ளூர் சிம்மைக் கழற்றிச் சோப்புப் பெட்டிக்குள் வைத்தாள். வியாழக்கிழமை காலை ஒப்பந்தக்காரன் வேனை வேறு முனைக்கு மாற்றினான், அவளுக்குத் தெரியவில்லை. வேலை போயிற்று. நாள் முழுக்க, சேவை இல்லை என்று காட்டுகிற போனைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். லூபே சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "மருமகளுக்காக வெச்ச வெரதம் முடிஞ்சுதா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை உள்ளூர் சிம் மறுபடி போனுக்குள், மறுபடி பானை, மறுபடி தலையணை. இம்முறை எடுத்தது வேறொருத்தி.

"ஒரு நாள் தனியா இருந்தீங்கன்னு நீங்க சொல்றீங்க. யாரு பாத்தா?"

"நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?"

"ஏற்கெனவே ரெண்டு லைன் வெச்சவங்க நீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு சாட்சி வேணும். உங்க ஊர்ப் பாஸ்டர் சொன்னாப் போதும்."

ரொபின்வேல் பாஸ்டர் நல்ல மனுஷன். ஞாயிறு பிரசங்கம் எழுதுவதைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்து போனை வாங்கி, "இவ நல்லவ, நான் சாட்சி" என்றார். அந்தப் பக்கத்தில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "ஐயா, உங்க போன்லயும் ரெண்டு லைன் இருக்கு. உங்க சாட்சி செல்லாது. உங்களுக்காகவும் ஜெபிக்கிறோம்." பாஸ்டர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுதின தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். பாவத்தைப் பற்றி அவர் அன்று எழுதிக்கொண்டிருந்த பிரசங்கம் அந்த ஞாயிறு பேசப்படவில்லை என்று கேள்வி.

அன்று மாலைதான் மொசேசே ஓடிவந்து சொன்னான். ஃபெத்தூவின் பொது மேலாளர் செமிசியே நேரில் வருகிறாராம். வெளிநாட்டில் பாடுபடும் வாடிக்கையாளர்களின் குறைகளைக் கேட்டுத் தீர்க்கப் பரிவாரத்தோடு ஞாயிற்றுக்கிழமை ரொபின்வேல் சபைக் கூடத்துக்கு வருகிறார். குறைகளைக் கேட்க வருகிறவருக்கு முறைப்படி விருந்து வைக்க வேண்டும்.

"அடிச்சுது பாரு யோகம்" என்றாள் லூபே. "லைன நிறுத்தினவனுக்குப் பன்னி சுட்டுப் போடணுமா?"

"பெரிய மனுஷங்க வர்றாங்க. வெறும் வாயோட அனுப்பினா ஊருக்கு அவமானம்" என்றான் மொசேசே. பன்றிகள் வந்தன. தேங்காய்ப் பாலில் இலை சுற்றி வேகவைத்த கறி வந்தது. பாய்கள் விரிக்கப்பட்டன. கை வெட்டுக்காயம் ஆறாதவர்கள்கூடச் சனிக்கிழமை முழுக்க நின்று வேலை செய்தார்கள். ஃபூசி எல்லாரையும்விட அதிகமாகச் செய்தாள். அவளுக்கு வேண்டியிருந்ததே.

செமிசி வந்தார். கோட்டுக்கு மேல் இடுப்பில், டோங்காவில் மரியாதைக்கு உடுத்துகிற பாய் கட்டியிருந்தார், அதுவே அவருடைய சுற்றளவுக்குப் போதாமல் முடிச்சுத் திணறிக்கொண்டிருந்தது. இறங்கினதும் முதல் காரியமாக மொசேசேயின் தோளில் கை போட்டு, "தம்பி, ஒன் போனக் குடு. வீட்டுக்கு வந்து சேந்த தாக்கல் அனுப்பணும். நம்ம லைன் இங்க கட்டுப்படியாகாது பாத்தியா" என்றார். மொசேசே கொடுத்தான். உள்ளூர் லைனிலிருந்து இணையத்தில் மனைவியோடு பேசி முடித்துவிட்டு, போனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் பரம்பரைப் பேச்சாளர். டோங்காவில் கௌரவமான சபைகளில் உயர்ந்தவர்கள் தங்கள் வாயால் பேசுவதில்லை. அவர்கள் சார்பில் பேசவென்றே பேச்சாளர் குடும்பங்கள் உண்டு. கல்யாணம், சாவு, பேர் வைப்பது எதுவானாலும் பேச்சாளர் வாயால் வந்தால்தான் அதற்குக் கனம். செமிசியின் தாத்தன் பிரபுக்களுக்காகப் பேசினார். செமிசி கட்டணங்களுக்காகப் பேசுகிறார்.

பன்றியின் முதுகுப் பாகத்தை ஒரு கை பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"அன்பான ஜனங்களே! போன வருஷம் வெளிநாட்டுலேர்ந்து நம்ம தீவுகளுக்கு லட்சக்கணக்குல அழைப்பு வந்துச்சு. அத்தனையையும் தடுத்தோம். அப்புறம் ஒக்காந்து ஆராய்ச்சி பண்ணிப் பாத்தோம். அதுல முக்காவாசி, பெத்தவங்களுக்குப் புள்ளைங்க பண்ணினது. அதுலயும் ஒண்ணக்கூட நாங்க விடல. ஆள் பாத்து வேலை செய்யற கம்பெனி இல்ல நம்மளுது!"

பரிவாரம் கைதட்டியது.

"லைனுங்கறது கல்யாணம் மாதிரி. எடுத்தாலும் எடுக்காட்டியும் அதோடதான் வாழணும். நம்ம அம்மாமார் அப்படித்தான வாழ்ந்தாங்க? அவங்க என்னைக்காவது சேவை சரியில்லன்னு கேட்டாங்களா? உங்களுக்குக் கஷ்டம் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். கஷ்டம் கொடுக்கறது யாரு, நாங்கதான? எங்களுக்குத் தெரியாதா? உங்க கண்ணீரப் பாத்துப் பாத்துத்தான் இந்தப் புதுத் திட்டத்தக் கொண்டுவந்திருக்கோம்."

கையை உயர்த்தினார். ஒருவன் பதாகையை அவிழ்த்துவிட்டான். 'லைனே ஊவா' என்று எழுதியிருந்தது. டோங்காப் பேச்சில் இரண்டு லைன் என்று அர்த்தம்.

"இனிமே ஒரு போன்ல ரெண்டு லைன் வெச்சுக்கறது பாவம் இல்ல! மாசா மாசம் ஒரு சின்னக் கட்டணம் கட்டிட்டா நாங்க கண்ண மூடிக்குவோம். கிருபை எறங்கிருச்சு, ஜனங்களே!"

"புதங்கெழம வெபசாரம், ஞாயித்துக்கெழம ஆஃபரா?" என்றாள் லூபே, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி. ஓய்வுநாளில் வியாபாரமா என்று பின்வரிசையில் ஒரு கிழவர் முனகினார். "கடல் தாண்டிட்டா ஓய்வுநாளுக்கும் ரோமிங் உண்டு பெரியவரே" என்று செமிசி சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

"இப்ப உங்க கண்ணு முன்னால ஒரு லைனத் தொறந்து காட்டப் போறோம். அவசரமாப் பேச வேண்டியவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

அவர் வாயை மூடுமுன் ஃபூசி எழுந்துவிட்டாள். மூச்சு விடாமல் சொன்னாள். தம்பி பெண்டாட்டி பிள்ளை பெற்றிருக்கிறாள், இப்போது அங்கே மாலை ஆராதனை நடக்கிறது, பேர் என் வாயால் போக வேண்டும், இல்லாவிட்டால் பெண் வீட்டார் வைத்துவிடுவார்கள் என்றாள். "ஐயா, ஒரு நிமிஷம் போதும்" என்று கையைக் கூப்பாத குறையாகக் கேட்டாள்.

செமிசியின் முகம் மலர்ந்தது. "பேரா? ஞானஸ்நானமா? இப்பவேவா?" என்று கேட்டுக்கொண்டே படம் பிடிக்கிறவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கிட்டே வந்தான்.

என்ன பேர் என்று அவர் கேட்கவே இல்லை.

பரிவாரத்தில் இருந்த ஒருவன் தன் கைக்கணினியில் ஃபூசியின் நம்பரைத் தட்டினான், ஒரு விரலால் ஓரிடத்தில் தொட்டான். அவ்வளவுதான். ஃபூசியின் போனில் ஊர் லைனுக்கு உயிர் வந்து சிக்னல் கோடுகள் எழும்பின. அந்த ஒரு விரல் தொடுதலுக்காகத்தான் பானை, தலையணை, போன வேலை, பாஸ்டர் பட்ட அவமானம் எல்லாம். த்தூ என்று இருந்தது அவளுக்கு. ஆனால் துப்ப நேரமில்லை. இசிகேலியின் நம்பரை அழுத்தினாள். சத்தத்தைத் திறந்துவிட்டாள். மணி அடித்தது. உண்மையாகவே அடித்தது.

"அக்கா!" இசிகேலியின் குரல். பின்னால் சபை அமைதியாக இருந்தது, குழந்தை ஒன்று சிணுங்கியது. "தண்ணிக்கிட்ட நிக்கிறோம்க்கா. தலைவர் ஒனக்காகத்தான் நிறுத்தி வெச்சிருக்காரு. சொல்லு."

ஃபூசி மூச்சை இழுத்தாள். போன் அவள் கையிலிருந்து போய்விட்டது.

"மொத அழைப்பத் தொடங்கி வெக்கறது முறை" என்று சொல்லிக்கொண்டே செமிசி அதைத் தன் வாயருகே கொண்டுபோனார். தாத்தன் பிரபுக்களுக்கு முன் பேசிய அந்தக் குரல் எழும்பியது. கூடம் தன்னையறியாமல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது. "சபையோரே, கேளுங்கள்! கடலுக்கு அப்பாலிருந்து மூத்த அத்தை ஃபூசியின் சார்பில் பேசுகிறேன். இந்த நல்ல நாளின் நினைவாக, இந்தத் திட்டத்தின் முதல் அழைப்பின் நினைவாக, இந்தப் பெண் பிள்ளைக்கு லைனே ஊவா என்று பேர் சூட்டப்படுகிறது!"

"இல்ல!" என்று ஃபூசி கத்தினாள். "அது இல்ல! தம்பி, அது இல்ல!"

கத்தினது அவளுக்கே கேட்கவில்லை. பரிவாரம் எழுந்து நின்று கைதட்டியது, கூடமும் தட்டியது. அவள் செமிசியின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நல்ல உயரம், போன் அதைவிட உயரத்தில் இருந்தது. "பொறும்மா, பொறு, சந்தோஷம்தான், புரியுது" என்று மற்ற கையால் அவள் தலையைத் தடவினார். கைதட்டல் அடங்கியபோது போனிலிருந்து தண்ணீர்ச் சத்தமும், சபைத் தலைவர் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று சொல்லி முடிக்கிற சத்தமும் கேட்டன. குழந்தை வீரிட்டு அழுதது. அதற்குப் பிறகுதான் போன் அவள் கைக்கு வந்தது.

"அக்கா" என்றான் இசிகேலி. "பேச்சாளர வெச்சுப் பேர் சொல்லியனுப்பிருக்க. மாமியார் வீட்டு ஆளுங்க வாயடச்சுப் போய் நிக்கிறாங்க. நம்ம வம்சத்துல யாருக்கும் இப்படி நடந்ததில்லக்கா."

ஃபூசி வாயைத் திறந்தாள்.

"நீ அம்மா பேரத்தான் வெப்பன்னு நான் பொண்டாட்டிகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். அது என் முந்திரிக்கொட்டத்தனம். நீ வெச்சதுதான் பேரு" என்றான்.

நான் வைக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அந்தச் சபையில் அவன் தலை தொங்கிவிடும், மாமியார் வீட்டார் தலை நிமிர்ந்துவிடும். ஊற்றின தண்ணீரை யார் வழித்தெடுப்பது? மாதலேனா என்கிற பேர் ஃபூசியின் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள். அந்தக் கூடத்தில் தின்ற எதுவும் அவ்வளவு கசக்கவில்லை.

"ஆமா தம்பி" என்றாள். "நான்தான் வெச்சேன்."

"சத்தமாச் சொல்லும்மா" என்றார் செமிசி, படம் பிடிக்கிறவனுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று. "ரெண்டாவது தடவ சொல்லும்போது கொஞ்சம் சிரி."

ஃபூசி சிரித்தபடி இரண்டாவது தடவையும் சொன்னாள்.